நேற்றுத் தண்ணீர் இல்லை

வெளிநாட்டு ஆள் வருகிறார் என்றால் அந்தத் தோட்டத்துக்கு முதலில் பச்சை பெயிண்ட் வரும், அப்புறம் இங்கிலீஷ் வரும். காரியம் முடிந்ததும் இரண்டும் ஒன்றாகவே உதிர்ந்துபோகும்.

மலாய் நாட்டில், கரங்கான் ஊரைத் தாண்டி உள்ளே போகிற செம்பனைத் தோட்டம் அது. அந்தத் தோட்டத்துக் குலையின் எண்ணெயை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ஆள் அனுப்பும். தொழிலாளிகளை நல்லபடியாக வைத்திருக்கிறார்களா, புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்களுக்கு முகமூடி உண்டா, வேலை முடிந்து குளித்துவிட்டுப் போக இடம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். வருகிறவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. ஆகவே சோதனைக்கு முந்தின வாரம், காலைப் பெரட்டில், அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டத்தில், ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி மனோகரன் மருந்தடிக்கிற பெண்களைத் தனியே நிறுத்திவைத்து ஆளுக்கொரு இங்கிலீஷ் வாக்கியம் கொடுப்பார். வாக்கியம்தான் கொடுப்பார், அர்த்தம் கொடுக்கமாட்டார். அர்த்தம் எதற்கு? கிளிக்கு அர்த்தம் சொல்லியா பேசப் பழக்குகிறோம்?

போன வருஷம் தங்கமணிக்குக் கிடைத்த வாக்கியம், "வீ பாத் ஹியர் எவ்ரி டே." அதை அவள் வழியெல்லாம் முணுமுணுத்து, சோதனை நாளில் தட்டுத் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டாள். வந்தவர் சிரித்துத் தலையாட்டினார். மானேஜரும் சிரித்தார். தங்கமணிக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவள், வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷ் பேசியிருக்கிறாள், சும்மாவா?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகள் சுபாஷினியிடம் சொல்லிக் காட்டினாள். சுபா அப்போது பின்கட்டுக் குழாயடியில் குந்தி, அம்மா முந்தின நாள் மருந்தடித்துவிட்டு வந்த சட்டையையும் கால்சட்டையையும் துவைத்துக்கொண்டிருந்தாள். இடைநிலைப் பள்ளியில் நாலாம் படிவம் படிக்கிற பெண்.

"திரும்பச் சொல்லும்மா," என்றாள்.

தங்கமணி பெருமையாகத் திரும்பச் சொன்னாள்.

"நாங்க தினமும் இங்கதான் குளிக்கிறோம்னு சொல்லியிருக்க. நீ அங்கயா குளிக்கிற?"

குளியலறை என்று நாலு சுவர் எழுப்பி, குழாய் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், அது வாஸ்தவம். தொட்டிக்குத் தண்ணீர் வருகிற பைப்பை மட்டும் யாரும் இணைக்கவில்லை. எப்போது கேட்டாலும் "செஞ்சிக்கிட்டு இருக்காங்க" என்பது ஒன்றுதான் பதில். சோதனை நாள் காலையில் மட்டும் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்புவார்கள். மற்ற நாளெல்லாம் பெண்கள் மருந்து ஊறிய துணியோடு, மருந்து ஊறிய உடம்போடு, அப்படியே வீட்டுக்கு வரவேண்டியதுதான். வந்து, பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் குளித்து, பிள்ளைகள் துணி அலசுகிற வாளியில் அலசவேண்டியதுதான்.

அன்றைக்குத்தான் தங்கமணி மகளுடைய கையைச் சரியாகப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, இடுக்கில் சிவந்து வெடித்துக் கிடந்தது. 'இடுப்பு நோவுதும்மா' என்று இவள் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் துவைக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கிற பெண்ணா அது? கையுறை வாங்கிக் கொடுத்தால் இரண்டு நாளில் கிழிந்துவிடும்.

"எப்பருந்துடி இப்படி இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கும்மா. எழுதும்போதுதான் எரியும். பரவால்ல லா."

பரவாயில்லையாம்! பெற்ற பிள்ளையின் கையை உரித்தது மருந்து மட்டும் அல்ல, தன் வாயும்தான் என்று தங்கமணிக்குப் பட்டது. தண்ணீர் இருக்கிறது என்று இவளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, இங்கே மறைக்கிற சோறாக இவளையே ஆக்கிவிட்டார்கள்.

"சுபா, எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடு," என்றாள். "அடுத்த வருஷம் அந்தாளு வரும்போது என் வாயில வர்றது என் பேச்சா இருக்கணும்."

சுபா சிரிக்கவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண். அன்றைக்கே புத்தகத்தை எடுத்துவைத்துப் பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

தொடங்கியதும்தான் வினை. புத்தகத்தில் காலத்துக்கு ஒரு பெரிய கட்டம் போட்டிருந்தது. நடந்ததற்கு நாலு விதம், நடப்பதற்கு நாலு விதம், நடக்கப்போவதற்கு நாலு விதம்.

"அடியாத்தீ, நடந்து முடிஞ்சதுக்கே நாலா? நம்மூர்ல 'சூடா'ன்னு ஒரு வார்த்தைய வச்சே எல்லாம் நடக்குது. தின்னாச்சா, சூடா. போயாச்சா, சூடா."

"அது மலாய்ம்மா. அதுல 'சூடா'ன்னு சொன்னாப் போதும், வினைச்சொல்லு மாறாது. இங்கிலீஷ்ல வினைச்சொல்லே மாறும். சொல்லப் பாத்தாலே காலம் தெரியும்."

தங்கமணிக்கு மண்டை காய்ந்தது. சோறு வடிக்கும்போது, "ஐ குக்"; வடித்துவிட்டு, "ஐ குக்ட்"; வடிக்கப்போகும்போது, "ஐ வில் குக்". வாய் ஒப்பித்ததே தவிர மனசில் நிற்கவில்லை. நாலு நாள் தாண்டினால் நேற்றுச் சோற்றை நாளைக்கு வடிப்பாள். புருஷன் மாணிக்கவாசகம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "சோறு வந்துச்சா, வருதா, இல்ல வரப்போவுதா, அத மட்டும் சொல்லு," என்று நக்கலடிப்பான். அவன் அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தச் சண்டையும் தன் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறவன்.

கடைசியில் அவளுக்குப் பாடத்தைப் புரியவைத்தது புல்தான். ஒருநாள் முதுகில் பம்பைச் சுமந்து, மரத்துக்கு மரம் வட்டமாக மருந்தடித்துக்கொண்டே போகிறாள். இளைப்பாற நின்று திரும்பிப் பார்த்தால், போன வாரம் அடித்த பக்கம் புல் மஞ்சளாகக் கருகிக் கிடக்கிறது. காலடியில் இப்போது அடித்த புல் ஈரமாக மினுக்குகிறது. முன்னால் இன்னும் அடிக்காத பக்கம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. அட! கருகினது 'ஸ்ப்ரேய்ட்', நனைந்தது 'ஸ்ப்ரேயிங்', பச்சையாக நிற்பது 'வில் ஸ்ப்ரே'. ஒரே புல், ஒரே பம்பு, ஒரே தங்கமணி. எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. முகமூடிக்குள்ளே நாள்முழுக்க முனகிக்கொண்டே மருந்தடித்தாள். கூட வேலை செய்கிற மருதம்மாள் பயந்தே போய், "என்னாடி, மந்திரமா சொல்ற? யாருக்குச் செய்வினை?" என்று கேட்டாள். தங்கமணி விளக்கினாள். மருதம்மாள் மோவாயில் கைவைத்து, "நமக்கு இதெல்லாம் சூசா லா, ரொம்பக் கஷ்டம்," என்று நகர்ந்துபோனாள்.

சுபா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். தண்ணீர் உண்டு, இல்லை என்பதைக் கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற மாதிரி, "வாட்டர் காட், வாட்டர் நோ காட்" என்று தங்கமணி சொன்னால் விடவேமாட்டாள்.

"காட் வேணாம்மா. அத வச்சா நேத்தைக்கா இன்னைக்கான்னு யாருக்கும் தெரியாது. 'இஸ்'னா இப்ப. 'வாஸ்'னா முன்ன. 'வில் பீ'ன்னா இனிமே. இந்த மூணையும் புடிச்சிக்கோ, போதும்."

தங்கமணி பிடித்துக்கொண்டாள். மழைக்காலம் போய், வெயில் வந்து, காய்வெட்டு ஏறி இறங்கி, ஒரு காலைப் பெரட்டில் பச்சை பெயிண்ட் வாசனை வந்தது.

மனோகரன் வாக்கியங்களைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். முகமூடி வாக்கியம் மருதம்மாளுக்கு. கையுறை வாக்கியம் யோகேஸ்வரிக்கு. "தங்கமணி, போன தடவ நல்லாச் சொன்ன. இந்தத் தடவ ஒனக்கு, 'வாட்டர் இஸ் ஹியர், வீ ஆர் ஹேப்பி.' சொல்லு பாப்போம்."

"அத நான் சொல்லமாட்டேண்ணே."

மனோகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மகளும் சுபாவும் ஒரே வகுப்பு; வாரத்தில் பாதி நாள் சுபா அவர் வீட்டில்தான் உட்கார்ந்து படிப்பாள். ஆனால் மானேஜருக்கும் ஆட்களுக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

"ஏம்மா? ஒண்ணும் பொய் இல்லியே. அன்னைக்குத் தண்ணி இருக்கத்தான் போவுது."

"அன்னைக்கு இருக்கும்ணே. அதான் எனக்குத் தெரியுமே."

"இந்தா பாரு, தோட்டத்துக்குக் கெட்ட பேரு வந்து அவங்க எண்ணெய வாங்கலன்னா, யாருக்கு வேலை போவும்? எனக்கா? மொதல்ல ஒங்களுக்குத்தான். யோசிச்சுக்க."

அந்த வாக்கியத்தை அவர் யோகேஸ்வரிக்கு மாற்றிக் கொடுத்தார். தங்கமணியைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார். அவளும் சரி என்றுவிட்டாள். வாயைப் பின்வரிசையில் நிறுத்த முடியுமா என்ன?

சோதனைக்கு முந்தின சாயங்காலம் மாணிக்கவாசகம் சாப்பிட உட்கார்ந்ததும், தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "விடியக்காத்தால தொட்டிக்குத் தண்ணி ஏத்தச் சொல்லியிருக்காங்க."

"தெரியும்."

"நீ ஏதோ பேசப்போறேன்னு மனோகரன் அண்ணன் சொன்னாரு. நீ பேசுனா மொதக் கேள்வி எனக்குத்தான் வரும். தண்ணி ஏத்துறவன் நான்."

"கேட்டா நெசத்தச் சொல்லுங்க. முடியாட்டிச் சும்மா நில்லுங்க. இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவ்வளவுதான்."

"வீடு தோட்டத்து வீடு, தங்கமணி. போன்னா போவணும்."

அவளுக்கும் பயம் இருக்கத்தான் செய்தது. இல்லை என்று யார் சொன்னது? உள்ளே போய்ப் படித்துக்கொண்டிருந்த சுபாவைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் கையை அவன் தட்டுக்கு முன்னால் நீட்டினாள். "இந்தப் புண்ண மொதல்ல போகச் சொல்லுங்க. அப்பறம் வீட்டப் பத்திப் பேசலாம்." அவன் அந்தக் கையைப் பார்த்தான். சாப்பாட்டை முடித்து எழுந்து போகும்போது, "ஒன் இஷ்டம்," என்றான்.

அந்த வருஷம் வந்தது ஒரு பெண். நெட்டையாக, வெயிலில் முகமெல்லாம் சிவந்து, தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு வந்தாள். மனோகரன் மொழிபெயர்ப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். மானேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். பெண்கள் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள்.

வந்த பெண்மணி மருதம்மாளைப் பார்த்து அன்பாக ஏதோ கேட்டாள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்டாள், தங்கமணிக்கு அது விளங்கியது. மருதம்மாளுக்கு விளங்கவில்லை. தன் முறை வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்து, நெஞ்சை நிமிர்த்தி, பெரட்டுக் களமே அதிர, "ஐ வேர் மாஸ்க் எவ்ரி டே!" என்று ஒரு போடு போட்டாள். மனோகரன் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. பெண்மணி ஒரு கணம் விழித்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் குளியலறையைக் காட்டச் சொன்னாள்.

குளியலறை பச்சைப்பசேல் என்று இருந்தது. அவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. கையை நீட்டிப் பார்த்தாள். இன்னொரு குழாயைத் திறந்தாள். அதிலும் கொட்டியது. யோகேஸ்வரி கிடைத்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லி முடித்தாள். பெண்மணி தலையாட்டிக்கொண்டே குழாயை மூடிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் வெளியே போய்விடுவாள். அப்புறம் ஒரு வருஷம்.

தங்கமணி பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தாள்.

"மேடம். எஸ்டர்டே… வாட்டர் நோ காட்."

சனியன்! ஒரு வருஷம் சோற்றோடு சேர்த்துத் தின்று படித்தது, வாயைத் திறந்ததும் கடைத்தெருவுக்கே ஓடிவிட்டது. பெண்மணி புரியாமல் புருவத்தைச் சுருக்கினாள். மனோகரன் அவசரமாக முன்னால் வந்து, அவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருப்பதாக இவள் சொல்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அதுவும் தங்கமணிக்கு விளங்கியது.

"நோ," என்றாள் தங்கமணி. சத்தமாகவே சொன்னாள். விடுவாளா? ஒரு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு குழாயைத் தொட்டுக் காட்டினாள்.

"டுடே வாட்டர் இஸ் ஹியர்." கையைத் தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டினாள். "எஸ்டர்டே வாட்டர் வாஸ் நாட் ஹியர்." கையை முன்னால் நீட்டினாள். "டுமாரோ வாட்டர் வில் நாட் பீ ஹியர்."

பெண்மணி தொப்பியைக் கழற்றினாள். அப்படியானால் இன்றைக்கு எப்படி வந்தது என்று நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"மை ஹஸ்பண்ட் ப்ராட். டிராக்டர். திஸ் மார்னிங்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஃபார் யூ."

எல்லாத் தலைகளும் வெளியே திரும்பின. மாணிக்கவாசகம் டிராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கம்மென்று தரையைப் பார்த்தான். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

நேற்று எங்கே குளித்தாய் என்று கேட்டாள் பெண்மணி. வீட்டில் என்றாள் தங்கமணி. "மை டாட்டர் வாஷ்ட் மை க்ளோத்ஸ். ஹர் ஹேண்ட்ஸ்…" அங்கே வார்த்தை தீர்ந்துபோயிற்று. தோல் உரிவதற்கு இங்கிலீஷில் என்னவென்று சுபாவிடம் கேட்டுவைக்கவில்லையே! தன் விரலைத் தானே பிறாண்டிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சட்டென்று மனோகரன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இத நீங்க சொல்லுங்க. எம்புள்ள கை எப்படி இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்க வீட்டுல ஒக்காந்துதான படிக்குது."

மனோகரன் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் இப்போது சிரிக்கவில்லை. மனோகரன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். தோல் உரிந்து, விரல் வெடித்து, பேனா பிடித்தால் எரிகிறது என்று, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

பெண்மணி மானேஜரிடம் நீளமாக எதுவும் பேசவில்லை. "ஐ வில் கம் பேக்," என்றாள். எப்போது என்று மானேஜர் பணிவாகக் கேட்டார். அதைச் சொல்லமாட்டேன், அடுத்த வாரமாக இருக்கலாம், நாளைக்காகவும் இருக்கலாம் என்றாள். போகும்போது தங்கமணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே தங்கமணிக்குத் தண்டனையும் வந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து, நாளையிலிருந்து அவளுக்கு மேட்டுப் பக்கத்து வேலை என்றான். பம்பைச் சுமந்து ஏறினால் முழங்கால் கழன்றுவிடும், அப்படிப்பட்ட ஏற்றம். "ஏறிட்டாப் போச்சு," என்றாள் அவள். யோகேஸ்வரிகூட, "ஒனக்குத் தேவையா இது?" என்று ஒருமாதிரியாகப் பேசினாள். மேடு ஏறுவது பெரிதில்லை. நாளைக்கு அந்தக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும், எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான் தங்கமணியை அரித்தது. சிரிக்கட்டும், வெள்ளைக்காரம்மா திரும்பி வருகிற அன்றைக்கும் இதையே சொல்வேன், மானேஜர் முன்னாலேயே போய் நின்று கேட்பேன் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் மறுநாள் மேடு ஏறினாள்.

வேலை முடிந்து, காலெல்லாம் வெடவெடக்க இறங்கி வந்தபோது குளியலறைப் பக்கம் ஒரே கூச்சல். மருதம்மாள் தலை நிறையச் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்து, "ஏண்டி, சீக்கிரம் வா, தண்ணி தீரப்போவுது!" என்று கத்தினாள். உள்ளே ஐந்தாறு பெண்கள் ஒரே சமயத்தில் குளித்துக்கொண்டு, துவைத்துக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காலித் தொட்டியோடு டிராக்டரில் உட்கார்ந்திருந்த மாணிக்கவாசகம் அவளைப் பார்த்ததும் எரிந்துவிழுந்தான்.

"அந்தம்மா எப்ப வரும்னு தெரியாதாம். அதனால தெனைக்கும் காலைல ஒரு நடை தண்ணி ஏத்தணுமாம். பைப்பு மாட்டுற வரைக்கும் எனக்கு இதே பொழப்பு. எல்லாம் ஒன்னால!"

"ஆமா, என்னாலதான்," என்றாள் தங்கமணி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், சிரிக்கிறான் என்று முதுகிலேயே தெரிந்தது.

அவள் ஈரத் தலையும் பிழிந்த துணிமூட்டையுமாக வீட்டுக்குப் போனபோது, சுபா வழக்கம்போல வாளியோடு குழாயடியில் குந்தியிருந்தாள். அழுக்குத் துணிக்குக் கை நீட்டினாள்.

"தொவச்சாச்சு. அங்கியே குளிச்சிட்டும் வந்துட்டேன். இன்னைக்கும் தண்ணி வந்துச்சுடி."

சுபா வாளியைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். "அப்ப நாளைக்குத் தண்ணி இருக்காதுன்னு நீ அவங்ககிட்ட சொன்ன மூணாவது வாக்கியம்?"

"அதா? அது தப்பாப் போச்சு," என்றாள் தங்கமணி. மகளுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், உட்காரவைத்து, தேங்காயெண்ணெயை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.